எழுந்திருப்பதைப் பற்றிய ஆராய்ச்சி

எங்கள் வீட்டில் நாற்காலிகளுக்குக் குறைவில்லை. உட்காரத்தான் இடம் கிடையாது.

கீழ்த்தளம் முழுக்கப் பட்டறை. அது என் மகளுடையது. ரம்பம், இழைப்புளி, பசைச் சட்டி, எந்நேரமும் காற்றில் மிதக்கும் மரத்தூள். மேல்தளத்தில் ஓர் அறை, மாப்பிள்ளை யோசிப்பதற்கு. மாடிப்படி திரும்புகிற இடத்தில் ஒரு சின்ன மேஜையைப் போட்டுக்கொண்டு மாப்பிள்ளையின் தம்பி ஆராய்ச்சி செய்கிறான். மேலே போகிற எவரும் அவனைத் தாண்டித்தான் போக வேண்டும். தாண்டும்போது அவர் எந்தக் காலை முதலில் தூக்கினார் என்று அவன் பார்த்து வைத்துக்கொள்வான். மூன்று பேரும் சேர்ந்து நாற்காலி வடிவமைக்கும் நிறுவனம் ஒன்றை நடத்துகிறார்கள். அதில் நான் உட்காருகிறவன்.

வேடிக்கைக்குச் சொல்லவில்லை. செய்த நாற்காலியில் யாராவது உட்கார்ந்து, எங்கே குத்துகிறது, எங்கே வழுக்குகிறது என்று சொல்ல வேண்டும் அல்லவா? அதுதான் என் உத்தியோகம். வயதான காலத்தில் சும்மா உட்கார்ந்திருக்கிறார் என்று மற்ற அப்பாக்களைச் சொல்வார்கள். என்னை யாரும் அப்படிச் சொல்ல முடியாது. உட்கார்ந்து உட்கார்ந்து எனக்கு ஒரு ஞானமே வந்துவிட்டது. கண்ணைக் கட்டி ஒரு நாற்காலியில் உட்கார வைத்தால், அதைச் செய்த அன்று என் மகள் யாரோடு சண்டை போட்டிருந்தாள் என்று சொல்லிவிடுவேன். பெரும்பாலும் மாப்பிள்ளையோடுதான் என்பதால் விடை தப்பியதில்லை.

சண்டை பெரிதாக ஒன்றுமில்லை. எது முதலில் என்பதுதான். மாப்பிள்ளை முன்பு ஒரு கல்லூரியில் வடிவமைப்புக் கோட்பாடு சொல்லிக்கொடுத்தவர். முதலில் யோசனை, அப்புறம் ஆராய்ச்சி, கடைசியில்தான் கை வேலை என்பது அவர் கட்சி. “கையில கட்டை இல்லாம எனக்கு யோசனையே ஓடாது. செஞ்சு பாத்தாத்தான் நான் என்ன நெனச்சேன்னே தெரியும்” என்பாள் மகள். தம்பி இரண்டு பேருக்கும் தலையாட்டிவிட்டு, “ரெண்டும் சரிதான் அண்ணி, ஆனா நடந்ததை யாராவது பாத்து எழுதலைன்னா அது நடந்ததாவே கணக்கில்லை” என்பான்.

மாடிப்படிக்குக் கீழே சுவரில் மாப்பிள்ளை மூன்று வட்டம் வரைந்து வைத்திருக்கிறார். சிந்தனை, செயல், ஆராய்ச்சி. நடுவே அம்புக்குறிகள். சண்டைக்குச் சண்டை அம்பின் திசை மாறும். பழையதை வெள்ளையடித்துப் புதியதைப் போடுவார். அப்படி அடித்து அடித்து அந்த இடத்தில் சுவர் என் தொப்பை மாதிரி முன்னால் தள்ளிவிட்டது. இருட்டில் மாடிக்குப் போகிறவர்கள் வயிற்றை எக்கிக்கொண்டுதான் போக வேண்டும்.

இந்தச் சமயத்தில்தான் அந்த மருத்துவமனை வேலை வந்தது. நோயாளிகளும் கூட வருகிறவர்களும் காத்திருக்கும் கூடத்துக்கு நாற்காலி வேண்டும். வயதானவர்கள் யார் கையையும் பிடிக்காமல் தாங்களே எழுந்திருக்க வசதியாக இருக்க வேண்டும். ஒரு மாதிரியைச் செய்து கொண்டுவந்து குழுவின் முன்னால் காட்டுங்கள் என்று சொல்லியிருந்தார்கள்.

மகள் ஒரு நாற்காலிக் காலை உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டே, தலையைத் தூக்காமல் சொன்னாள்: “இதுவும் எடுபடலைன்னா நான் அந்தத் தொழிற்சாலை வேலைக்குப் போயிடறேன்.”

தூரத்து ஊரில் இருக்கும் பெரிய தொழிற்சாலை அது. மேற்பார்வைக்கு வரச்சொல்லி அவளைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.

“அங்க என்னம்மா இருக்கு?” என்றேன்.

“ஒரே ஒரு நாற்காலி இருக்கு. நாள் முழுக்க அதே நாற்காலி. யாரும் யோசிக்க மாட்டாங்க, யாரும் அளக்க மாட்டாங்க. வேலை முடிஞ்சா ரூமுக்குப் போய்த் தூங்கலாம்.”

“உன் வீட்டுக்காரரு?”

“அவர் மாடியில இருக்கார். நான் போயிட்டேன்னு அவருக்குத் தெரியவே ஒரு மாசம் ஆகும்.”

இதைக் கோபத்தில் சொல்லியிருந்தால் நான் கவலைப்பட்டிருக்க மாட்டேன். அவள் கோபப்படக்கூடத் தெம்பில்லாமல் சொன்னாள். படியில் இறங்கிவந்த மாப்பிள்ளையின் காதிலும் அது விழுந்தது. ஒரு நிமிடம் நின்றார். பிறகு அதைப் பற்றி யோசிக்க மேலே போய்விட்டார்.

முதலில் செய்த மாதிரியில் மகள் ஸ்பிரிங் வைத்தாள். அது முழுக்க அவள் யோசனை, அதாவது யோசனையே இல்லை. கையில் ஸ்பிரிங் இருந்தது, வைத்தாள். என்னை உட்கார வைப்பதற்குள், காப்பீடு எடுக்கச் சொல்லி நச்சரிக்கும் ஏஜென்ட் ஒருவர் வந்து அதில் உட்கார்ந்துவிட்டார். எழுந்திருக்க லேசாக முன்னால் சாய்ந்தார். அடுத்த நொடி பரணில் இருந்தார். ஆள் தொழிலில் கெட்டி. பரணில் உட்கார்ந்தபடியே, எதிர்பாராத விபத்துகளைப் பற்றி எடுத்துச் சொன்னார். ஏணி வருவதற்குள் பக்கத்து வீட்டுக்காரர் ஒரு பாலிசி எடுத்துவிட்டார்.

இரண்டாவது, மாப்பிள்ளை யோசித்தது. உட்காரும் பலகை முன்பக்கம் சரிந்திருந்தால் எழுவது பாதி முடிந்த மாதிரி என்றார். தத்துவம் சரி. ஆனால் உட்கார்வதும் பாதிதான் முடிந்தது. மீதிப் பாதியில் எல்லோரும் தரையில் இருந்தார்கள். மூன்றாவது, நான்காவது எல்லாம் பேருந்து நிறுத்தத்துக்கும் முடிவெட்டும் கடைக்கும் போய்ச் சேர்ந்தன. எங்கள் தெருவில் இப்போது நிற்கிறவர்களே கிடையாது. பிச்சை கேட்டு வருகிறவர்கூட உட்கார்ந்துதான் கேட்கிறார்.

அப்புறம்தான் தம்பி தன் வேலையைக் காட்டினான்.

“மாமா, நாம எல்லாரும் நாற்காலியையே பாத்துக்கிட்டிருக்கோம். நீங்க எப்படி எந்திரிக்கிறீங்கன்னு யாருமே பாக்கலை.”

“எந்திரிப்பேன், அவ்வளவுதான்ப்பா.”

“அது பதில் இல்லை மாமா. எந்தக் குதிகால் முதல்ல அழுத்தும்? மூச்சை இழுத்துக்கிட்டு எந்திரிக்கிறீங்களா, விட்டுட்டா? கை அமுக்கறதுக்கு முன்னாடி தலை குனியுதா, பின்னாடியா?”

என்னைப் புது மாதிரி நாற்காலியில் உட்கார வைத்து, முழங்கால், இடுப்பு, தோள், மூக்கு நுனி எல்லாவற்றிலும் சிவப்பு நாடா ஒட்டினான். எதிரே கேமரா. கேட்டது நியாயமான கேள்வி. நானும் மரியாதையாக யோசித்துப் பார்த்தேன். பிறந்ததிலிருந்து எழுந்திருக்கிறேன், ஒருநாள்கூட நான் என்னை அந்தக் கேள்வி கேட்டதில்லை. இடது குதிகாலா? இல்லை, வலதுதான். வலது என்றால் இடுப்பு எப்போது நகரும்?

“சரி மாமா, இப்ப எந்திரிங்க.”

வலது குதிகாலை அழுத்தினேன். இடுப்பு என்னைக் கேட்காமல் எப்போதும் போகும். இன்றைக்கு உத்தரவுக்குக் காத்திருந்தது. தலையைக் குனியலாமா என்று கழுத்து கேட்டது. கொஞ்சம் பொறு என்றேன். அப்படியே எல்லோரும் பொறுத்துக்கொண்டிருந்தோம்.

“அப்பா, விளையாடாதீங்க. வார்னிஷ் அடிக்கணும்” என்றாள் மகள்.

“விளையாடலைம்மா. வழி மறந்துபோச்சு.”

டாக்டரைக் கூப்பிட்டார்கள். அவர் என் முழங்காலில் சுத்தியால் தட்டினார். கால் எகிறி அவருடைய முழங்காலை உதைத்தது. “காலுக்கு ஒண்ணுமில்லை” என்று சொல்லி நொண்டிக்கொண்டே போனார்.

மாப்பிள்ளை மாடியிலிருந்து இறங்கி வந்து என்னைச் சுற்றி நடந்தார். பிறகு சொன்னார்: “செயல் தன்னைப் பத்தித் தானே யோசிச்சிடுச்சு. மாமா, இனிமே நீங்க யோசிக்காம எந்திரிக்கணும்.”

“எப்படி மாப்பிள்ளை?”

“அதைத்தான் யோசிக்கணும்.”

என்னைத் தூக்கிக் கட்டிலில் போட்டுப் பார்த்தார்கள். நாற்காலி வடிவத்திலேயே படுத்துக் கிடந்தேன். பக்கவாட்டில் சாய்த்தால் தலையணை கழுத்துக்கு எட்டவில்லை. பேசாமல் மறுபடி கொண்டுவந்து நாற்காலியிலேயே வைத்துவிட்டார்கள். சாப்பாடு அங்கேயே, தூக்கம் அங்கேயே. முகச்சவரம் மகள் செய்துவிட்டாள், நல்லவேளையாக இழைப்புளியால் அல்ல. மற்றத் தேவைகளுக்கு மாப்பிள்ளையும் தம்பியும் ஆளுக்கொரு பக்கம் நாற்காலியோடு தூக்கிப் போனார்கள். அந்த ஒரு விஷயத்தில் சிந்தனையும் ஆராய்ச்சியும் ஒத்துழைத்த அழகைப் பற்றி மேற்கொண்டு விவரம் வேண்டாம்.

நாற்காலி வேலையும் நிற்கவில்லை. மகள் என்னை வைத்துக்கொண்டே வேலை செய்தாள். நான் உட்கார்ந்தபடி இருக்கும்போதே நாற்காலியின் நாலு காலையும் அறுத்து ஒரு விரற்கடை குறைத்தாள். வார்னிஷ் அடிக்கும்போது எனக்கும் ஒரு பூச்சு விழுந்தது. என் வலது முழங்கை இன்றைக்கும் வெயிலில் மினுங்கும். நான்தான் நகர முடியாதே, அதனால் அவர்கள் மூன்று பேரும் நான் இருக்கும் இடத்துக்கு வரவேண்டியிருந்தது. மாப்பிள்ளை நாள் முழுக்கப் பட்டறையில் நின்றார். மரத்தூள் தும்மலை வரவழைக்கும் என்பதே அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. கைப்பிடி இன்னும் முன்னால் நீளட்டும் என்பார்; அவர் வாயை மூடுவதற்குள் மகள் ஒரு கட்டையை அங்கே பிடித்துக் காட்டுவாள்; அதைப் பார்த்ததும் அவர் சொன்னதை மாற்றிக்கொள்வார்; தம்பி மாறியதை அளப்பான்; அளவைக் கேட்டு அவள் உதட்டைப் பிதுக்கிவிட்டு இன்னொரு கட்டையை எடுப்பாள். எது முதல், எது அப்புறம் என்று நடுவில் உட்கார்ந்திருந்த எனக்கே பிடிபடவில்லை. சுவரில் அம்புகளை யாரும் தொடவில்லை.

இதைக் கேட்டுவிட்டு எல்லாம் இனித்தது என்று நினைத்துவிடக் கூடாது. மூன்று பேருக்கும் கண்ணுக்குக் கீழே கருப்புப் பை தொங்கியது. மாப்பிள்ளை ஒருநாள் தோசைத் தட்டுக்குப் பதில் பசைச் சட்டியில் கை வைத்தார். தம்பி என்னை அளந்துகொண்டே அளவு நாடாவைப் பிடித்தபடி தூங்கினான். மகள் மட்டும் தூங்கவில்லை, உட்காரவும் இல்லை. அவள் நாற்காலியில் உட்கார்ந்து நான் பார்த்ததே கிடையாது. உட்கார்ந்தால் அது சோதனை. சோதனைக்குத்தான் அப்பா இருக்கிறாரே.

குழுவுக்குக் காட்ட வேண்டிய நாளும் வந்தது. “உங்க ஆளு ஒருத்தர் உக்காந்து எந்திரிச்சுக் காட்டட்டுமே” என்று தம்பி மருத்துவமனையைத் தொலைபேசியில் கேட்டுப் பார்த்தான். “விழுந்தா உங்க ஆளு விழட்டும்” என்று சொல்லிவிட்டார்கள். எதிர்வீட்டில் ஓய்வுபெற்ற கண்டக்டர் ஒருவர் இருக்கிறார். அவரிடம் கேட்டோம். “பரணுக்குப் போன ஆளு இறங்கிட்டாரா?” என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். வேறு வழியில்லை. என்னையே நாற்காலியோடு ஒரு திறந்த வேனில் ஏற்றி, கயிற்றால் கட்டினார்கள்.

கழுத்தில் துண்டு, முன்னால் கம்பி, ஆசனத்தில் நான். சாலையில் ஒரு போக்குவரத்துக் காவலர் விறைப்பாக சல்யூட் அடித்து வழிவிட்டார். சிக்னலில் ஒரு பெண்மணி ஓடிவந்து மனு கொடுத்தார். வாங்கிப் படித்தேன். தெருவிளக்கு எரியவில்லையாம். நியாயமான கோரிக்கைதான். ஆவன செய்வதாகச் சொன்னேன்.

மகள் என் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“அப்பா, முடியலைன்னா விடுங்க. பயப்படாதீங்க.”

“நான் எங்கம்மா பயந்தேன்?”

“நான் நாளைக்கு அந்தத் தொழிற்சாலைக்குப் போன் பண்ணி வர்றேன்னு சொல்லிடறேன். அவ்வளவுதானே.”

முன்னால் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளையின் தலை பின் கண்ணாடியில் தெரிந்தது. அது திரும்பவில்லை. அது கேட்டது என்பது மட்டும் எனக்குத் தெரியும். காது மடல் அசைந்தது; யோசனை வந்தால் அவருக்கு அது அசையும்.

மருத்துவமனைக் கூடத்தைத் தாண்டித்தான் குழு அறைக்குப் போக வேண்டும். கூடத்தில் சுவரோரமாகத் தரையில் கால்நீட்டிச் சனங்கள். சிலர் தூணில் சாய்ந்து நின்றபடி தூங்கினார்கள். என்னை நாற்காலியோடு தூக்கிப்போவதைப் பார்த்துவிட்டு ஒருவர், “இங்கெல்லாம் நாம நாற்காலியையும் கொண்டாரணும் போல” என்றார் பக்கத்து ஆளிடம்.

அறையில் மூன்று பேர். கண்காணிப்பாளர், கணக்கதிகாரி, தலைமை நர்ஸ். மாப்பிள்ளை மூன்று வட்டங்களைப் பற்றிப் பேசினார். கணக்கதிகாரி முதல் வட்டத்திலேயே கொட்டாவி விட்டார். தம்பி என் முழங்கால்களைத் திரையில் போட்டுக் காட்டினான். அவ்வளவு பெரிய அளவில் என் முழங்காலை நான் பார்த்ததில்லை. யாரோ தெரிந்தவர் முகம் மாதிரி இருந்தது.

“போதும். பெரியவர் எந்திரிச்சுக் காட்டட்டும்” என்றார் தலைமை நர்ஸ்.

மூன்று பேரும் என் கால்களையே பார்த்தார்கள். நான் வலது குதிகாலைப் பற்றி நினைத்தேன். நினைக்கக் கூடாது என்று நினைத்தேன். நினைக்கக் கூடாது என்று நினைப்பதை நிறுத்த நினைத்தேன். இடுப்பு உத்தரவுக்குக் காத்திருந்தது.

“என்ன, தூங்கிட்டாரா?” என்றார் கணக்கதிகாரி.

“இல்லைங்க, தயாராகிறார்” என்றான் தம்பி.

“எவ்வளவு நேரம் தயாராவார்?”

தம்பியிடம் அதற்கும் ஒரு வரைபடம் இருந்தது. நல்லவேளை, காட்டவில்லை. கண்காணிப்பாளர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுப் பேனாவை மூடினார். “எந்திரிக்க வசதியான நாற்காலின்னு சொன்னீங்க” என்றார், கோபமில்லாமல், அவருக்கும் களைப்புதான் போல.

நான் மகளைப் பார்த்தேன். கதவோரம் சுவரில் சாய்ந்து நின்றிருந்தாள். புருவத்தில் மரத்தூள். பேனா மூடியதை அவள் பார்த்தாள் என்று நினைக்கிறேன். ஒரு பெருமூச்சு விட்டாள். கண் மூடியது. முழங்கால் இரண்டும் மெல்ல மடிய, முதுகு சுவரோடு உரசிக்கொண்டு கீழே இறங்க ஆரம்பித்தது, அரிசி மூட்டையைச் சாய்த்து வைத்தால் இறங்குமே, அப்படி.

“இங்க வந்து உக்காரும்மா” என்றேன்.

அதைச் சொல்லும்போது என் கை அவள் முழங்கையைப் பிடித்திருந்தது. அறையின் இந்தக் கோடியில் நான். அந்தக் கோடியில் நாற்காலி காலியாக இருந்தது. நடுவில் என்ன நடந்தது என்று என்னைக் கேட்காதீர்கள்.

அவளும் எதுவும் கேட்கவில்லை. நான் நடத்திப்போக வந்தாள், உட்கார்ந்தாள், இருபக்கக் கைப்பிடியிலும் கை வைத்தாள். அவள் கை செய்த கைப்பிடி. ஒருமுறை தடவிப் பார்த்தாள், சிராய் இருக்கிறதா என்று. அப்புறம் தூங்கிப்போனாள்.

“பெரியவரே, எப்படி எந்திரிச்சீங்க?” என்றார் கணக்கதிகாரி, இப்போதுதான் விழித்துக்கொண்டவர் மாதிரி. தம்பி பேனாவைத் திறந்தான்.

“அதை மட்டும் கேக்காதீங்க. அப்புறம் நான் இங்கேயே நின்னுடுவேன், உங்களுக்குத்தான் இடைஞ்சல்.”

மூன்று பேரும் எழுந்து நாற்காலியைச் சுற்றி வந்தார்கள். தாங்களே உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று வந்தவர்கள்தான். ஆனால் எழுப்ப யாருக்கும் மனம் வரவில்லை. மகளின் தலை மெல்ல ஒரு பக்கமாகச் சரிந்தது. விழப்போன தலைக்கடியில் ஓர் உள்ளங்கை வந்து நின்றது. மாப்பிள்ளையுடையது. திரைக்குப் பக்கத்தில் நின்றிருந்தவர் எப்போது வந்தார் என்று நானும் பார்க்கவில்லை. வந்ததில் அவருக்கே ஆச்சரியம்தான்; தன் கையை யாருடையதோ என்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார். காது மடல் அசையவே இல்லை.

தலைமை நர்ஸ் குனிந்து அந்தக் கையை உற்றுப் பார்த்தார்.

“என் கூடத்துல பாதிப்பேரு இப்படித்தான்” என்றார். “பேரைக் கூப்பிட்டா எந்திரிக்கிறாங்க, அதுல கஷ்டமில்லை. கூப்பிடுற வரைக்கும் கழுத்துதான் நிக்கிறதில்லை. இந்தக் கை இருக்கிற இடத்துல ஒரு தாங்கல் வைக்க முடியுமா?”

மாப்பிள்ளை வாயைத் திறந்தார். யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லப்போகிறார் என்று பயந்தேன். “தம்பி, நாடாவை எடு” என்றார்.

தம்பி அண்ணனின் உள்ளங்கையிலிருந்து பலகை வரைக்கும் அளந்தான். “கையை ஆட்டாதீங்க அண்ணா” என்றான். “இருக்கட்டும். அவ எந்திரிக்கிற வரைக்கும் ஆட்ட மாட்டேன்” என்றார் மாப்பிள்ளை.

கண்காணிப்பாளர் மறுபடி பேனாவைத் திறந்தார். கூடம் முழுக்க இதையே செய்யுங்கள், ஆனால் தாங்கலோடு என்றார். கணக்கதிகாரி ஏதோ சொல்ல வாயெடுத்து, தூங்குகிறவளைப் பார்த்துவிட்டு, வெளியில் போய்ப் பேசிக்கொள்ளலாம் என்று சைகை காட்டினார்.

திரும்பும்போது வேனில் அவளைத்தான் நாற்காலியோடு ஏற்றினோம். மாப்பிள்ளை பின்னால் வந்து அவள் பக்கத்தில் நின்றார், கையை எடுக்காமல். கை மரத்துப்போய் நீலம் பாரித்திருந்தது. பாதி வழியில் அவள் கண்ணைத் திறந்தாள்.

“என்ன ஆச்சு?”

“எடுத்துக்கிட்டாங்க” என்றார் மாப்பிள்ளை. “தாங்கல் ஒண்ணு வைக்கணும்.”

“எங்க?”

“இங்க.”

அவள் தலையை அந்தக் கையில் ஒருமுறை அழுத்திப் பார்த்தாள். “விரற்கடை கீழ இருந்தா நல்லாயிருக்கும்” என்றாள். அவர் கையை இறக்கினார். “இன்னும் கொஞ்சம். ம், போதும்.” பிறகு கண்ணை மூடிக்கொண்டே கேட்டாள்: “மொத்தம் எத்தனை செய்யணும்?”

தம்பி எண்ணிக்கையைச் சொன்னான். கூடம் பெரிய கூடம்.

“கடவுளே” என்றாள். கொஞ்சம் தூரம் போன பிறகு, “நாளைக்கு அந்தத் தொழிற்சாலைக்குப் போன் பண்ணணும், ஞாபகப்படுத்துங்க” என்றாள்.

மாப்பிள்ளையின் கை விறைத்தது. “எதுக்கு?”

“வரலைன்னு சொல்லத்தான். நான் தூங்கிட்டா நீங்களே பண்ணிடுங்க. யோசிக்காதீங்க.”

சிக்னலில் அந்தப் பெண்மணி மறுபடி வந்தார். மனு என்ன ஆயிற்று என்று கேட்டார். ஆசனத்தில் வேறு ஆள் இருப்பதைச் சுட்டிக்காட்டி, ஆட்சி மாறிவிட்டது என்றேன்.

நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே வந்தேன். கால் கடுத்தது. பின்பலகையில் ஓரமாக இடமிருந்தது, உட்கார்ந்திருக்கலாம். ஆனால் தம்பி என்னையே பார்த்துக்கொண்டிருந்தான், பேனாவை மூடாமல்.